முதல் வீட்டுக் கீரி

ஊரில் எல்லோருடைய பார்வையும் வெளிச்சமாகத் தரையில் விழத் தொடங்கிய அந்த ஆவணி மாதத்துக் காலையில், அருணாசலம் காம்பவுண்டின் முதல் வீட்டில் குருவம்மாள் ஒரு கீரியை அரண்மனை மதில் ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி நடத்திக்கொண்டிருந்தாள். அதனால் அந்தச் செய்தி அவளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவள்தான்.

கீரி என்றால் டி.வி.க்குள் இருக்கிற கீரி. குருவம்மாளின் புருஷன் பூல்பாண்டி டி.வி. மெக்கானிக். யாரோ ஒருவர் ரிப்பேருக்கென்று ஒரு வீடியோ கேம் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், பூல்பாண்டி அதைச் சரி செய்து, "அந்த ஆளு வருவாரு, பத்திரமா வை" என்று அலமாரியில் வைத்தார், அந்த ஆள் வருவதற்கு முன்னால் பூல்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்துவிட்டார். மற்ற சாமான்களையெல்லாம் உரியவர்கள் வந்து துக்கம் விசாரித்துவிட்டு எடுத்துப் போனார்கள். இந்தப் பெட்டியைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. மழை பெய்த ஒரு மத்தியானம், ஃபால்ஸ் தைக்கவும் சேலை வராமல், பேசவும் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள், புருஷன் செய்யப் பார்த்திருந்த மாதிரியே வயரைச் செருகினாள், திரையில் ஒரு கிணற்றடியும் கிணற்றடியில் ஒரு கீரியும் வந்து நின்றன.

கீரிக்கு எதிரே ஒரு பெரிய அரண்மனை. முற்றம் முற்றமாக மேலே ஏறிக்கொண்டே போகிற அரண்மனை, முற்றத்துக்கு முற்றம் காவல்காரர்கள், ஒவ்வொரு காவல்காரனின் கண்ணிலிருந்தும் மஞ்சளாக ஒரு முக்கோண வெளிச்சம் தரையில் விரிந்து கிடக்கும். அந்த வெளிச்சம் கீரியின் வால்நுனியில் பட்டாலும் போதும், எங்கோ ஒரு மணி கணீரென்று அடிக்கும், கீரி மறுபடியும் கிணற்றடிக்கே வந்துவிடும். பானைக்குள் ஒளியலாம், படிக்கட்டுக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம், ஒரு கூழாங்கல்லைத் தட்டிவிட்டுக் காவல்காரனை அந்தப் பக்கம் திரும்பவைக்கலாம், ஆனால் சண்டை போட முடியாது. பாம்பைக் கிழிக்கிற பிராணி, அந்த ஆட்டத்தில் அதன் ஒரே சாமர்த்தியம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான். கடைசி முற்றத்துக்கு அப்பால் ஒரு கதவு தெரியும். அந்த முற்றத்தில் காவல்காரர்கள் எல்லாத் திசையிலும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவனுடைய வெளிச்சம் முடிகிற இடத்தில் இன்னொருவனுடையது தொடங்கும், கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று குருவம்மாளுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தின முற்றங்களையெல்லாம் அவள் அடுப்படிக்குப் போய் வருகிற மாதிரி கடந்துவிடுவாள்.

கடக்காமல் என்ன செய்வாள்? பூல்பாண்டி போனதிலிருந்து அவள் பழகியதெல்லாம் அந்த வித்தைதான். காம்பவுண்டுக்கு ஒரே ஒரு கேட், கேட்டை ஒட்டி அவளுடைய வீடு, உள்ளேயிருக்கிற எந்த வீட்டிலிருந்து யார் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கிளம்பும்போது தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது அங்கே எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். ஆனால் பாருங்கள், அந்தக் காம்பவுண்டு ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒருத்தர்கூட அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. கிளம்புவதற்கு முன்னால் இருமுவார்கள், அவ்வளவுதான். லாரி டிரைவர் அய்யாத்துரை இருமினால் ஓட்டுச் சாய்ப்பில் இருக்கிற காக்கை பறந்துவிடும். எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பதவிசாக இருமுவாள். இருமல் கேட்டதும் குருவம்மாள் கதவைச் சாத்திக்கொள்வாள், காலடிகள் கேட்டைத் தாண்டியதும் திறப்பாள். சளி பிடிக்காத ஜனங்கள் வருஷம் பூராவும் இருமிக்கொண்டே இருந்தார்கள், அவளும் கதவைச் சாத்திச் சாத்தித் திறந்துகொண்டே இருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஊரில் வெளிச்சம் வந்தது. காலையில் கண் விழித்தவர்கள் எங்கே பார்த்தார்களோ அங்கே, மஞ்சள் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு முக்கோணம் விழுந்தது, கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்பியது, மூடினால் அணைந்தது. தீப்பெட்டி ஆபீஸ் மருந்தின் வேலை இது என்று சிலர் சொன்னார்கள், அம்மனுக்குத் தேர் இழுக்காமல் விட்ட குற்றம் என்று சிலர் சொன்னார்கள், ஒரு வாரத்துக்குள் காரணம் பேசுவது எல்லோருக்கும் சலித்துப்போய், இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்கிற பேச்சு வந்துவிட்டது. ஏனென்றால் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது இப்போது சந்தி சிரிக்கிற விஷயமாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே வயசைக் கழித்தவர்கள் வேறு வழியில்லாமல் பேப்பர் படிக்கத் தொடங்கினார்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் அத்தனை வெளிச்சமும் அம்மன் முகத்தில் குவிய, ஒன்றிரண்டு மட்டும் பக்கத்தில் நிற்பவளின் புதுச் சங்கிலியில் போய்த் தங்கியது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் வெளிச்சம் பெண் பக்கமே போகாமல் கேசரித் தட்டின் மேலேயே நிற்க, பையன் தங்கமான குணம் என்று அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

கண்ணேறு விழுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்த காலம் அது. கைக்குழந்தைகளைக் குடை பிடித்துத்தான் வெளியே தூக்கிப் போனார்கள். சந்தையில் திருஷ்டிப் பூசணிக்காய் வந்த வேகத்தில் தீர்ந்தது. புதுவீடு கட்டியவர்கள் மாடியில் தொங்கவிட்ட நாக்கு நீட்டிய பொம்மையின் மேல் தெருவின் வெளிச்சமெல்லாம் போய் விழுந்ததில், இவ்வளவு செலவழித்துக் கட்டிய வீட்டை ஒரு பயலும் பார்க்கவில்லையே என்று வீட்டுக்காரருக்கு வருத்தம் வந்து பொம்மையைக் கழற்றிவிட்டார். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் ஆரம்பத்தில் கூடின, பிறகு குறைந்தன. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துப் பேசிப் பல வருஷமாகிறது என்பதைச் சில வீடுகளில் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

குருவம்மாள் கடைக்குப் போவதற்காக முதல்முறை தெருவில் இறங்கியபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதென்ன பிரமாதம், தினமும் டி.வி.யில் பார்க்கிறதுதானே என்று நினைத்தாள். எந்த முக்கோணம் எப்போது திரும்பும், எந்த இடைவெளியில் புகுந்தால் அடுத்த வேப்பமரம் வரைக்கும் போகலாம் என்று அவளுடைய கால்களுக்கே தெரிந்திருந்தது. கையில் பையோடு கீரி மாதிரி போனாள், கீரி மாதிரியே திரும்பி வந்தாள். இப்படி நாலைந்து தடவை போய் வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவள் ஒளிய வேண்டியதே இல்லை. அவள் வருவது தெரிந்ததும் வெளிச்சங்கள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன, வெகு மரியாதையாக, பெரியவர்களுக்கு வழிவிடுகிற மாதிரி. நம்ப முடியாமல் ஒருநாள் காய்கறி வண்டியின் முன்னால், பட்டப்பகலில், நாலு பேர் நடுவே போய் நின்றுகூடப் பார்த்தாள். வெளிச்சங்கள் தக்காளியின் மேல் விழுந்தன, தராசின் மேல் விழுந்தன, அவளைச் சுற்றித் தரையெல்லாம் விழுந்தன. அவள் மேல் ஒன்றுகூட விழவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பூல்பாண்டி முகச்சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அவளுடைய பார்வை கண்ணாடியில் பட்டுத் திரும்பி அவள் முகத்திலேயே மஞ்சளாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தன்னைத் தான் மட்டுமே பார்க்கிற ஒரு பிழைப்பு என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் மறந்துவிட்டாள். டி.வி.யில் இருக்கிற கீரிக்குக் கண்ணில் வெளிச்சம் கிடையாது. இவளுக்கு உண்டு.

எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்தின் மகள் அனுசியா. சின்னப்பிள்ளையில் அவள் வளர்ந்ததே முதல் வீட்டில்தான், ரிப்பேருக்கு வந்த டி.வி.க்களில் படம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பூல்பாண்டி போன பிறகு தங்கபுஷ்பம் பிள்ளையை அங்கே விடுவதை நிறுத்திக்கொண்டாள், வெடுக்கென்று நிறுத்தவில்லை, பரீட்சை என்றாள், டியூஷன் என்றாள், அப்புறம் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. நர்ஸுக்குப் படித்து முடித்துவிட்ட அனுசியா காலை வேளைகளில் முற்றத்துத் துவைகல்லில் உட்கார்ந்து ஈரத் தலையை உலர்த்துவாள். ஜன்னல் கதவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு விரிசல் உண்டு. அந்த விரிசலில் கண்ணை வைத்து அவளைப் பார்ப்பதுதான் குருவம்மாளுக்கு அன்றாடம் கிடைக்கிற ஒரே சந்தோஷம். யாருக்கும் தெரியாத சந்தோஷம் என்று நினைத்திருந்தாள்.

வெளிச்சம் வந்த பிறகும் அவள் பார்த்தாள். பிள்ளையின் மேலேயே கண்ணாக இருந்தவளுக்குத் தன் கண்ணிலிருந்து போகிற வெளிச்சம் தெரியவில்லை. முதல் வீட்டு ஜன்னல் விரிசலிலிருந்து ரிப்பன் மாதிரி மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு புறப்பட்டு, முற்றத்தைக் கடந்து, குடத்தின் மேல் ஏறி இறங்கி, அனுசியாவின் பிடரியில் போய் நிற்பதைக் காம்பவுண்டு முழுவதும் பார்த்தது. எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் ஒருநாள் கொடிக்கயிற்றில் ஒரு கனத்த ஜமுக்காளத்தைக் காயப்போட்டாள். அது காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. மஞ்சள் கோடு அதன் ஓரமாகப் புகுந்து போனது. அப்புறம் அவளே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள், தரையைப் பார்த்தபடி.

"மதினி, நான் ஒண்ணும் சொல்ல வரல. பிள்ளைக்கு டெல்லியில வேலை கெடச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. புதங்கிழமை கெளம்புதா."

"கேட்டேன் தங்கபுஷ்பம். சந்தோசமா இருக்கு."

"முத முதலா அம்புட்டுத் தூரம் போறா. நல்லபடியாப் போயிச் சேரணும்லா, அதான்."

"நான் அவளப் பாக்கல தங்கபுஷ்பம்."

தங்கபுஷ்பத்துக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். "பாக்கலன்னு சொல்லாதீக மதினி. வெளிச்சம் வந்துச்சே," என்றாள். சொல்லிவிட்டுப் பதவிசாக ஒரு தடவை இருமிவிட்டுப் போனாள்.

குருவம்மாள் பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பசை தடவி விரிசலை ஒட்டினாள். டி.வி.யைத் தூக்கி எதிர்ச்சுவரில் வைத்து, முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். யாரையும் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குமே அந்தப் பயம் இருந்தது. தன் கண் பட்டு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதே சமயத்தில், போவதற்குள் ஒரே ஒரு தடவை, பிடரியை இல்லை, முகத்தை நேருக்கு நேராகப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டெல்லிக்குப் போகிற பிள்ளை அப்படியே அங்கேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடும். அப்புறம் இந்த முற்றத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஜமுக்காளமா?

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவள் குளித்துவிட்டுக் கீரியை நடத்தத் தொடங்கினாள். கண்ணுக்கு வேலை கொடுத்தால் காதுக்கு வேலை குறையும் என்று நினைத்தாள், அது நடக்கவில்லை. எதிர்வீட்டில் இட்லிப் பானை இறங்கியது கேட்டது. பெட்டியின் ஜிப் இழுபட்டது கேட்டது. திருநீறு பூசி அழுதது கேட்டது. கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. கதவை அன்றைக்கு முன்கூட்டியே சாத்தியாகிவிட்டது, இனி இருமல் வரும் என்று அவள் காத்திருந்தாள். கீரி கடைசி முற்றத்து வாசலில் ஒரு பானைக்குள் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து காத்திருந்தது. இருமல் வரவில்லை. கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு கீரியைப் பானைக்கு வெளியே ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. ஜன்னல் விரிசலில் ஒட்டியிருந்த காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் உள்ளே வந்து போனது. பின்னாலேயே, விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் வீட்டுக்குள் நுழைந்தது.

குருவம்மாளின் உடம்பு அவளைக் கேட்காமலேயே எழுந்து பீரோவுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. எத்தனை வருஷப் பழக்கம். வெளிச்சம் சுவரில் ஏறியது, பூல்பாண்டியின் படத்தில் கொஞ்சம் நின்றது, அவருடைய பழைய ரேடியோவின் மேல் இறங்கியது, தையல் மெஷினைத் தடவியது, பாயில் அவள் உட்கார்ந்து எழுந்த குழியில் வந்து வட்டமடித்தது. காவல்காரன் தேடும்போது அப்படித்தான் தேடுவான், அசையாமல் இருந்தால் சலித்துத் திரும்பிவிடுவான், அது அவளுக்குத் தெரியும். இது திரும்பவில்லை. பீரோவின் ஓரம்வரைக்கும் வந்தது, போனது, மறுபடியும் வந்தது.

"அத்தை," என்றது விரிசல். "எங்க இருக்கீக? நேரமாகுதுல்லா."

குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். போகட்டும், நல்லபடியாகப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

"உங்க வெளிச்சம் வரும் வரும்னு துவைகல்லுலயே நின்னேன். ஊருக்குப் போற நேரம் பாத்து எங்க போச்சு?"

அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் எழுந்து போகாமல் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். குருவம்மாள் பீரோவை விட்டு ஒரு எட்டு வெளியே வைத்தாள். வெளிச்சம் முதலில் அவள் பாதத்தில் விழுந்தது, பிறகு மெல்ல ஏறி, சேலையில், கழுத்தில், முகத்தில் வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்து டி.வி.யில் மணி கணீரென்று அடித்தது. பானைக்கு வெளியே விட்டுவிட்டு வந்த கீரி மாட்டிக்கொண்டுவிட்டது.

கதவைத் திறந்தாள். வாசலில் அனுசியா நேருக்கு நேராக நின்றாள், தோளில் பையும் நெற்றியில் திருநீறுமாக. அவளுக்குப் பின்னால் முற்றத்தில் தங்கபுஷ்பம் இப்போதுதான் இருமினாள். சாதாரண இருமலா அது, குடல் வாய்க்கு வந்துவிடும் போல, பதவிசையெல்லாம் மறந்து, நிறுத்தாமல் இருமினாள். சொல்லிவைத்த மாதிரி மற்ற வீட்டு வாசல்களிலிருந்தும் இருமல்கள் கிளம்பின. ஒரு நிமிஷம் காம்பவுண்டே சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. "கெளம்புற நேரத்துல எதுக்க வந்துட்டீகளே அத்தை," என்றாள்.

குருவம்மாளின் கை கதவைச் சாத்தப் போனது.

"சகுனம் சரியில்லன்னா என்ன செய்யணும்? உக்காந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டுத்தான போகணும்? தண்ணி குடுங்க." செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தே விட்டாள்.

அதற்கு மேல் தங்கபுஷ்பம் என்ன சொல்ல முடியும்? சகுனத்தடை என்றால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும், அது அவள் அம்மா அவளுக்குச் சொல்லி, அவள் மகளுக்குச் சொன்னது. யார் வீட்டுத் தண்ணீர் என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவளும் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அனுசியா தண்ணீரை மெதுவாகக் குடித்தாள், செம்பை இறக்கி இறக்கிக் குடித்தாள். "தெனமும் இந்த மணிச் சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும் அத்தை. கேட்டதும் மாட்டிக்கிட்டீகன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாளு கேக்கலன்னா ஒடம்புக்கு என்னமோன்னு இருக்கும்." கையில் பிடிக்கிற கட்டையை வாங்கிக் கீரியை ஓட்டிப் பார்த்தாள், முதல் முற்றத்திலேயே நேராகக் காவல்காரன் முன்னால் போய் நின்றாள், மணி அடித்தது. "யாரும் பாக்காமப் போற ஆட்டமா இது? எனக்கு வராது," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேல் குருவம்மாளின் வெளிச்சம் முழுசாக, மறைக்க ஒரு ஜன்னல் கதவுகூட இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டோ கிளம்பியபோது குருவம்மாள் கேட்டுக்கு வெளியே, தெரு நடுவில் வந்து நின்றாள். ஆட்டோவின் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அனுசியாவின் வெளிச்சம் அவள் மேல் விழுந்தபடியே இருந்தது, தெரு நீளநீள அதுவும் நீண்டு மெலிந்தது, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஆட்டோ திரும்பியதும் அறுந்தது. வெறும் தெருவில் அவளுடைய வெளிச்சம் மட்டும் அந்த முக்கு வரைக்கும் போய் ரொம்ப நேரம் கிடந்தது. காம்பவுண்டுக்காரர்கள் அதைத் தாண்டி நடக்க மனசில்லாமல் அதன் ஓரமாகவே போய் வந்தார்கள்.

ஐப்பசி மழையில் வெளிச்சங்கள் கரைந்து, ஊர் பழையபடி ஆகிவிட்டது. குடைகள் மழைக்கு மட்டும் விரிந்தன, டீக்கடை பெஞ்சில் பேப்பர்கள் மடிந்தன, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. டெல்லியிலிருந்து அனுசியா தங்கபுஷ்பத்துக்குப் போன் பண்ணினாள். தங்கபுஷ்பம் ஒருநாள் முற்றத்தில் நின்று யாரிடமோ சொல்வது மாதிரி, "பிள்ளைக்கு அங்க நல்லாருக்காம்," என்று முதல் வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். துவைகல் காலியாகக் கிடந்தது. குருவம்மாள் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தாள், கீரியை நடத்தினாள், கடைசி முற்றத்தை அவளால் இன்னும் கடக்க முடியவில்லை. மத்தியானங்கள் முன்னைவிட நீளமாக இருந்தன, அதைச் சொல்ல ஆளும் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் அய்யாத்துரை புது லாரி எடுக்கக் கிளம்பினார். நல்ல வேட்டி, கையில் எலுமிச்சம்பழம், கூடவே பெண்டாட்டி. முதல் வீடு நெருங்கியதும் நின்று, தொண்டையைச் செருமி, ஓட்டுச் சாய்ப்பில் இருந்த காக்கை பறக்கிற மாதிரி ஓர் இருமல் இருமினார்.

கதவு சாத்திக்கொள்ளவில்லை. அவர் இன்னொரு தடவை இருமினார்.

குருவம்மாள் வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து, கையிலிருந்த செம்பை நீட்டினாள்.

"தண்ணி வேணுமாண்ணே?"